பாயைச் சுருட்டத் தெரியுமா பாஸ்?

காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைப்பது ஹாஸ்டலில் பெரிய மேட்டரே இல்லை. பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை என்பது வேறு விஷயம்! ஆனால், இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே காபி குடிக்கிற இடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டினால், பக்கத்து டேபிளில் பாயை எப்படிச் சுருட்டுவது, எந்தக் கம்பெனி உருளையில் சுருட்டுவது, கயிறு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று சண்டையே நடந்துகொண்டிருக்கும். படுக்கிற பாய் இல்லை மக்களே... படகுப் பாய்!

அந்த ஊர் கௌஸ். ஐல் ஆஃப் வைட் என்கிற தீவின் வடக்கு முனையில் இருக்கிற குட்டி ஊர். வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

அரை மணி நேரக் கடல்

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் சொச்சத்தில் சௌத்தாம்ப்டன். கப்பல் வடிவமைப்புப் படிப்புக்குப் பெயர்போன பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அங்கே துறைமுகத்தில் 'ரெட் ஜெட்' என்கிற வேகப் படகு. ஜன்னல் சீட் பிடித்துவிடுங்க. அரை மணி நேரத்துக்குள் கௌஸ் வந்துவிடும்.

அந்த அரை மணியில் நீங்க தாண்டுகிற நீர்ப்பரப்புதான் சோலன்ட். தீவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில், சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கிற கடல். சனிக்கிழமை வெயில் அடித்தால் போதும், நூற்றுக்கணக்கான வெள்ளைப் பாய்கள்! நடுநடுவே கன்டெய்னர் கப்பல், பயணிகள் கப்பல், கார் ஏற்றுகிற கப்பல் என்று பூதாகரமான ஐட்டங்களும் போகும். நம்ம கத்திப்பாரா ஜங்ஷனில் சிக்னல் இல்லாமல் சைக்கிளும் லாரியும் போனால் எப்படி இருக்கும்? அப்படி.

படகில் போகும்போதே கண்ணில் படுகிற பாய்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. நிறுத்தி வைத்திருக்கிற படகுகளின் முன்பக்கத்துக் கம்பியில், பாய்மரத்து உச்சி வரைக்கும், மடக்கின குடை மாதிரி ஒன்று சுற்றி நிற்கும். ஓரத்தில் நீலமோ பச்சையோ கலர் பட்டை. அதுதான் நம்ம ஹீரோ. பேரு ரோலர் ரீஃபிங். அவரிடம் அப்புறம் வருவோம். முதலில் ஊரைப் பார்ப்போம்.

பீரங்கி, கோப்பை, கிரிக்கெட்

கௌஸில் இறங்கினால் ஒடுக்கமான ஹை ஸ்ட்ரீட். துணிக்கடை, மீன் வறுவல் கடை, அதற்கு அடுத்து கயிறும் கப்பியும் தொங்குகிற படகுச் சாமான் கடை. கடற்கரையோரமாக நடந்தால் ராயல் யாட் ஸ்குவாட்ரன். 1815-ல் ஆரம்பித்த பாய்ப்படகு கிளப். வாசலில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பித்தளை பீரங்கிகள். ரேஸ் ஆரம்பிக்க விசிலெல்லாம் கிடையாது, பீரங்கிதான்! 1826-லிருந்து நடக்கிற 'கௌஸ் வீக்' ரேஸ்களுக்கு இந்த ஊர்தான் சொந்த வீடு. 1851 ஆகஸ்ட் 22-ம் தேதி இந்தத் தீவைச் சுற்றி நடந்த ரேஸில் 'அமெரிக்கா' என்கிற படகு ஜெயித்துக் கொண்டுபோன கோப்பைதான் இன்றைக்கும் 'அமெரிக்காஸ் கப்' என்று உலகமே அடித்துக்கொள்கிற கோப்பை.

மெடினா ஆற்றின் அந்தக் கரை ஈஸ்ட் கௌஸ். நடுவில் பாலம் இல்லை. ஆற்றடியில் கிடக்கிற சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிற ஃபெர்ரி ஒன்று இருக்கிறது. அதில் ஏறி அக்கரை போனால் விக்டோரியா ராணியின் ஆஸ்போர்ன் மாளிகை. உள்ளே 'தர்பார் ரூம்' என்று ஓர் அறை. சுவரும் விதானமும் நம்மூர் அரண்மனை வேலைப்பாடு. 1890-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியது லாகூரிலிருந்து போன பாய் ராம் சிங். (இந்த 'பாய்' வேற பாய், கன்ஃப்யூஸ் ஆகாதீங்க!)

இதைவிட சூப்பர் மேட்டர் ஒன்று. சோலன்ட் நடுவில் பிராம்பிள் பேங்க் என்று ஒரு மணல் திட்டு. வருஷத்தில் சில நாட்கள், கடல் ரொம்ப வற்றுகிற நேரத்தில் மட்டும் தலையை நீட்டும். ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு கிளப்காரர்கள் படகில் வந்து இறங்கி, ஸ்டம்ப் நட்டு, முழங்கால் தண்ணீரில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். போன வருஷம் நீ, இந்த வருஷம் நான்!

சிரிப்பு வருகிறதா? அதே திட்டில்தான் 2008 நவம்பரில் பிரம்மாண்டமான க்யூ.ஈ.2 கப்பல் தட்டி நின்றது. 2015 ஜனவரியில், சாய்ந்துபோன கார் கப்பல் ஒன்றும் இதே மணலில் வந்து ஏறி நின்றது. சோலன்ட் ஜாலியான இடம்தான். ஆனால், விளையாட்டுக் குளம் இல்லை.

காற்று டபுள் ஆனால் அடி நாலு மடங்கு

இங்கே கடல் ஏறி இறங்குவதே தனி ஸ்டைல். பல இடங்களில் ஓதம் ஒருமுறை உச்சிக்குப் போய், கொஞ்சம் இறங்குகிற மாதிரி காட்டி, மறுபடியும் ஏறும். தீவின் மேற்கு வாசலில், எட்டாம் ஹென்றி காலத்து ஹர்ஸ்ட் கோட்டை பக்கத்தில், கடல் குறுகிப் போகிறது. அந்தச் சந்துக்குள் பெரிய ஓதத்து நாட்களில் நீரோட்டம் 4 நாட் வேகத்தையும் தாண்டும். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். சின்னப் பாய்ப்படகின் வேகமே 5 நாட்தான். கணக்குப் போட்டுக்கோங்க!

நீர் ஒரு பக்கம் ஓடி, காற்று எதிர்ப் பக்கமிருந்து அடித்தால், அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். படகு குதிரை மாதிரி துள்ளும். இதோடு பிசிக்ஸ் வேற. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய் மேல் விழுகிற அழுத்தம் நாலு மடங்காகும். 10 நாட்டில் சும்மா மிதந்து போன படகு, 20 நாட்டில் பக்கவாட்டில் சாய்ந்து உங்களைக் கைப்பிடி தேட வைக்கும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. காற்று 18 நாட், நீங்க காற்றோடு சேர்ந்து 5 நாட்டில் போகிறீர்கள். முதுகில் படுவது வெறும் 13. 'ஆஹா, என்ன சுகம்'னு தோணும். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று படகைத் திருப்பினால், முகத்தில் அறைவது 20-க்கு மேல். படகு அதேதான், காற்றும் அதேதான். ஆனால், இப்போது பாய் ரொம்பப் பெரிசு.

அப்போ என்ன செய்யணும்? பாயின் பரப்பைக் குறைக்கணும். இதற்குப் பெயர்தான் ரீஃபிங்.

ஹீரோ அறிமுகம்

பழைய முறையில், படகின் மூக்கிலிருந்து பாய்மரத்துக்குப் போகிற கம்பியில் முன்பாயை வரிசையாகக் கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். காற்று ஏறினால் பெரிய பாயைக் கழற்றி, சின்னப் பாயை மாட்டணும். யார் போவது? படகின் மூக்கு அந்த நேரத்தில் ஏறி ஏறித் தண்ணீருக்குள் குத்தும். ஈரப் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கொக்கி கழற்றணும். இதுதான் சின்னப் படகில் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று.

ரோலர் ரீஃபிங் இந்த வேலையைப் பின்னால், நீங்க உட்கார்ந்திருக்கிற குழிக்கே கொண்டு வந்துவிடுகிறது. கம்பியைச் சுற்றி ஒரு அலுமினியக் குழல். அதில் உள்ள பள்ளத்தில் பாயின் ஓரம் நுழைந்திருக்கும். கீழே ஒரு டிரம், மேலே சுழல்கிற ஒரு ஸ்விவல். டிரம்மில் சுற்றிய கயிற்றை இழுத்தால் குழல் சுழலும், பாய் ஜன்னல் பிளைண்ட் மாதிரி சுருளும். பாதி சுருட்டி நிறுத்தினால் சின்னப் பாய் ரெடி!

ஒரு எச்சரிக்கை. கடையில் 'ஃபர்லிங்' என்று ஒன்றும் 'ரீஃபிங்' என்று ஒன்றும் விற்பார்கள். ஒன்றுதானே என்று விலை குறைந்ததைத் தூக்கி வராதீங்க. ஃபர்லிங் என்றால் முழுசா விரி, இல்லேன்னா முழுசா சுருட்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த 'வைக்கம் மார்ட்டின்' உருளை அந்த ரகம். பாய் தன் சொந்தக் கம்பி மேலேயே சுருளும். பாதியில் நிறுத்தினால் அந்த மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்ளும், மேல் பக்கம் சரியாகச் சுருளாது. பாதி சுருட்டிக்கொண்டு ஓட்டணும் என்றால் அலுமினியக் குழல் உள்ள ரீஃபிங் கியர்தான் வேண்டும்.

மூணு பேர், ஒரு படகு

இப்ப ஒரு கற்பனை. நீங்க சௌத்தாம்ப்டனில் படிக்கிறீங்க. ரூம்மேட்ஸ் மூணு பேர் சேர்ந்து ஷேர் போட்டு பழைய 'வெஸ்டர்லி சென்டார்' ஒன்று வாங்குகிறீர்கள். 26 அடி நீளம். 1969-லிருந்து 1980 வரை போர்ட்ஸ்மத் பக்கத்திலேயே கட்டினார்கள். 2,400-க்கும் மேல் கட்டியதால் இன்றைக்கும் சில ஆயிரம் பவுண்டுக்குப் பழசு கிடைக்கும். அடியில் இரண்டு கால் மாதிரி இரண்டு கீல். தண்ணீர் வற்றினால் சேற்றில் சமர்த்தாக நேராக உட்கார்ந்துகொள்ளும். சோலன்ட் ஓடைகளுக்கு இது பெரிய வசதி.

படகு வந்தாச்சு. முன்பாய் பழைய கொக்கி மாடல். ரோலர் மாட்டலாமா? புது கியர், ஆயிரம் பவுண்டைத் தாண்டும். பாயை மாற்றித் தைக்கிற கூலி தனி. மூணு பேரும் மூணு சொல்வீர்கள்.

முதல் ஆள்: "வேணாம்டா. கொக்கி சிக்கவே சிக்காது. ரிப்பேர் செலவு ஜீரோ."

அவன் சொல்வது உண்மை. கொக்கிப் பாய் வடிவம் கெடாமல் நிற்கும். சின்னக் காற்றுக்குப் பெரிசு, பெரிய காற்றுக்குச் சின்னது என்று ஒவ்வொன்றும் அதற்கென்றே தைத்தது. ஆனால், அதற்கு மூக்குப் பக்கம் போகிற ஆள் வேண்டும். மூணு பேரில் இரண்டு பேருக்கு எக்ஸாம் என்றால்?

இரண்டாவது ஆள்: "செகண்ட் ஹேண்ட்ல முடிச்சிடலாம்."

முடிக்கலாம். ஆனால் குழல் வளைந்திருக்கா, ஸ்விவல் கையால் சுற்றும்போது கரகரக்குதா, அந்த மாடலுக்கு ஸ்பேர் இன்னமும் கிடைக்குதா என்று மூன்றையும் பார்க்கணும். மூன்றாவதுதான் பலர் மறக்கிற கேள்வி. கம்பெனியே இல்லாத கியரில் ஒரு பேரிங் போனால் மொத்தமும் பழைய இரும்புக்கடைக்குத்தான்.

மூன்றாவது ஆள்: "புதுசே வாங்கலாம். எது?"

ஸ்வீடனின் செல்டன் கம்பெனி 'ஃபர்லெக்ஸ்', பிரான்ஸின் 'புரோஃபர்ல்', அமெரிக்காவின் 'ஹார்கன்' — இந்த மூன்று பெயர்களும் கண்டிப்பாகக் காதில் விழும். பெரிய வித்தியாசம் பேரிங்கில். புரோஃபர்லில் பேரிங் சீல் செய்து மூடியிருக்கும். ஃபர்லெக்ஸில் ஸ்டெயின்லெஸ் குண்டுகள், அவ்வப்போது கிரீஸ் வைக்கணும். ஹார்கனில் கெட்டி பிளாஸ்டிக் குண்டுகள், நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட்டால் போதும். எதை வாங்கினாலும், நீங்க சோம்பேறியா, கொஞ்சம் சோம்பேறியா என்பதைப் பொறுத்து முடிவு பண்ணுங்க!

செப்டம்பரில் சௌத்தாம்ப்டனில் நடக்கிற படகுக் கண்காட்சிக்குப் போனால், கியர்களைக் கையால் சுற்றிப் பார்த்தே கேள்வி கேட்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன்...

* முன்கம்பியின் தடிமன், நீளம், இரண்டு முனையிலும் உள்ள பின்னின் தடிமன் — மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்க. இந்த சைஸ் படகில் கம்பி பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. 'என் படகு 26 அடி' என்று மட்டும் சொல்லி வாங்காதீங்க.

* கம்பி பழசா? அப்படியானால் இப்போதே மாற்றிவிடுங்க. குழலுக்குள் போய்விட்டால் அதன் இழை அறுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்தக் கம்பிதான் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிப்பது.

* உச்சியில், பாயை ஏற்றுகிற கயிறு கம்பியிலிருந்து கொஞ்சம் விலகி, பாய்மரத்துப் பக்கமாகச் சாய்ந்து போகணும். கம்பிக்கு ஒட்டி இணையாகப் போனால், ஸ்விவலோடு அதுவும் சேர்ந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும். பாய் சுருளவும் சுருளாது, இறங்கவும் இறங்காது. கயிற்றை விலக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கப்பி மாட்டினால் தீரும்.

* டிரம்முக்கும் நங்கூரத்துக்கும் இடம் இருக்கா? இரண்டும் மூக்கில்தான் இருக்கும். இல்லையென்றால் டிரம்மைச் சற்று உயர்த்தி மாட்டணும்.

* பாயில் வெயில் தாங்குகிற பட்டை தைக்கச் சொல்லுங்க. சுருட்டினபின் அது வெளிப்பக்கம் வருகிற மாதிரி டிரம் சுழலணும். முன் ஓரத்தில் மெத்தை மாதிரி நுரைப் பட்டை வைத்துத் தைத்தால், பாதி சுருட்டிய பாய் தொந்தி போடாமல் தட்டையாக நிற்கும்.

* டிரம்மில் கயிறு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். பலத்த காற்றில் பாய் இறுகச் சுருளும், அதிகச் சுற்று தேவைப்படும். கடைசியில் கயிறு தீர்ந்து, பாயில் ஒரு முழம் வெளியே படபடத்தால் டென்ஷன்தான்.

கையில் வந்தபின் மூணு விஷயம். ஒன்று, பாயை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டி ஓட்டினால் வடிவம் கெட்டு, காற்றை எதிர்த்துப் போகச் சிரமப்படும். இரண்டு, சுருட்டச் சுருட்டப் பாயின் பின்மூலை முன்னால் நகரும், அதை இழுக்கிற கயிற்றின் கப்பியையும் முன்னால் நகர்த்தணும். (அந்தக் கயிற்றுக்குப் பெயர் 'ஷீட்'. பெட்ஷீட் ஞாபகம் வந்தால் நாங்க பொறுப்பில்லை!) மூன்று, சுருட்டும்போது திடீரென இறுகினால் வின்ச் போட்டு முறுக்காதீங்க. நிறுத்தி, மேலே அண்ணாந்து பாருங்க. ஏதோ சிக்கியிருக்கு. பலம் காட்டினால் உடைவது கம்பியாக இருக்கும்.

1979 சொன்ன பாடம்

இவ்வளவு பேசுவது எதற்கு? கௌஸிலிருந்து கிளம்புகிற இன்னொரு பெரிய ரேஸ் ஃபாஸ்ட்நெட். அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பணும். 1979 ஆகஸ்ட் 11-ம் தேதி 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல். 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள், அவற்றில் 5 மூழ்கின. ரேஸை முடித்தது 86 படகுகள்தான். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்தது ஒன்றே ஒன்று. சோலன்ட் கரையிலுள்ள லிமிங்டன் ஊரில் கட்டிய கான்டெஸா 32 ரகப் படகு, பெயர் 'அஸென்ட்'. அதற்கப்புறம் ரேஸ் பாதுகாப்பு விதிகளெல்லாம் கடுமையாயின.

நீங்க யாரும் ஃபாஸ்ட்நெட் போகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை யார்மத் போய் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுத் திரும்புவீர்கள். ஆனாலும் பாயைக் குறைக்கிற முடிவை ஏன் தள்ளிப் போடுகிறோம்? மூக்குப் பக்கம் போகப் பயம், அல்லது சோம்பல். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போமே' என்போம். ரோலர் கியரின் நிஜமான பலன் இதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே சுருட்டலாம் என்பதால் நேரத்தோடு சுருட்டுவோம்.

அதே சமயம், அது எல்லாவற்றையும் செய்துவிடாது. குழல் ஏறிய கம்பியில் கொக்கிப் பாய் மாட்ட முடியாது. நிஜப் புயலுக்கான குட்டிப் பாய் வேண்டுமென்றால், கழற்றி மாட்டுகிற மாதிரி உள்ளே இன்னொரு கம்பி வேண்டும். அதனால் மூணு ரூம்மேட்ஸ் கேஸில் நம்ம தீர்ப்பு: வார இறுதியில், குறைந்த ஆளோடு, சோலன்டுக்குள் மட்டும் என்றால், ஸ்பேர் கிடைக்கிற கம்பெனியின் சாதாரண ரீஃபிங் கியர், சரியான சைஸில். பணம் பற்றாவிட்டால் மலிவான ஃபர்லிங் உருளை வாங்குவதைவிட, ஒரு வருஷம் கொக்கியோடு ஓட்டிச் சேர்த்து வாங்குவது நல்லது. அந்த ஒரு வருஷம் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் யாரும் மூக்குப் பக்கம் போகக் கூடாது. ஓகேவா?

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சோலன்டில் இரட்டை உடம்போடு பறக்கிற படகைக் காட்டி அங்கே யாரைக் கேட்டாலும் 'கட்டமரான்' என்பார்கள். நம்ம கட்டுமரம்தான் பாஸ்! உருவம் மாறிவிட்டது, பெயர் நம்மளோடது. சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்ஸில் பாய்ப்படகு ஓட்டியவர். 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பிய கடற்படைப் படகு 'தாரிணி'யில் இருந்தது இரண்டே பெண்கள். அவர்களில் ஒருவரான ரூபா, புதுச்சேரிக்காரர்.

சௌத்தாம்ப்டன் பக்கம் படிக்கப் போகிறவர்கள், படகு வாங்குவதற்கு முன் ஐந்து நாள் 'காம்பிட்டன்ட் க்ரூ' கோர்ஸ் ஒன்று செய்துவிடுங்க. சோலன்ட் கரையில் அதைச் சொல்லித்தருகிற பள்ளிகள் பல இருக்கின்றன. பாயைக் குறைப்பதும் அதில் ஒரு பாடம். படிக்கப் போகாதவர்கள், அடுத்த முறை மெரினாவிலோ காசிமேட்டிலோ நிற்கும்போது ஒரு மீனவ அண்ணனிடம் இன்றைக்கு என்ன காற்று என்று கேட்டுப் பாருங்க. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் சொல்வார். எந்தக் காற்றில் பாயை எப்போது குறைக்கணும் என்றும் சொல்வார். அதையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கோங்க!